ரீகர்வ் வில்லுக்கு அம்புமுனை: எடை முதலில், வடிவம் பிறகு

புதிதாக ரீகர்வ் வில் (இரு நுனிகளும் எய்பவருக்கு எதிர்ப்புறமாக வளைந்த வில்) வாங்கியவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "எந்த பிராட்ஹெட் வாங்கலாம்?" பிராட்ஹெட் என்பது வெட்டும் அலகுகள் (பிளேடுகள்) வைத்த வேட்டை முனை. அமெரிக்க மான் வேட்டைக் காணொளிகள் செய்த வேலை இது. மூன்று அலகு, நான்கு அலகு, பட்டவுடன் விரியும் அலகு என்று பளபளக்கும் படங்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். புதுச்சேரியிலும் கடலூரிலும் இருப்பவர்களுக்கு என் பதில்: ஒன்றும் வாங்க வேண்டாம். அந்தக் காசில் ஒரே எடையுள்ள ஒரு டஜன் சாதாரண எஃகு முனைகளையும், நகைத் தொழிலாளிகள் வைத்திருக்கும் சின்ன மின்னணுத் தராசு ஒன்றையும் வாங்குங்கள்.

வேட்டை முனைகளைப் பற்றித் தெரிந்துகொள்வதில் தவறில்லை. அவை ஏன் அந்த வடிவில் இருக்கின்றன என்று புரிந்தால் சாதாரண முனையைத் தேர்ந்தெடுப்பதும் எளிதாகும். அதற்குப் பின்னால் வருகிறேன்.

சட்டம் சொல்வது

இந்தியாவில் வில்வேட்டை என்று ஒரு விளையாட்டு கிடையாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், ஆயுதம் என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்திலேயே வில்லையும் அம்பையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது. அட்டவணைகளில் உள்ள விலங்குகளை வேட்டையாடுவதை 9ஆம் பிரிவு தடை செய்கிறது. கொன்றால்தான் குற்றம் என்றில்லை, முயன்றாலே வேட்டைதான். முதல் அட்டவணையில் உள்ள விலங்கு என்றால் சிறைத் தண்டனை குறைந்தது 3 ஆண்டுகள், 7 ஆண்டுகள் வரை போகலாம்.

ஊசுட்டேரிக் கரையில் நின்று நாரையையோ நீர்க்கோழியையோ குறிபார்க்க வேண்டும் என்று யாருக்காவது ஆசை இருந்தால் இந்தக் கட்டுரையை இங்கேயே மூடிவிடலாம். அது பறவைகள் சரணாலயம். வயலில் இறங்கும் காட்டுப்பன்றியைப் பற்றியும் கேட்பார்கள். அது வனத்துறையின் வேலை, நம் வில்லுக்கு அதில் இடமில்லை. தெரு நாயை நோக்கி "மொட்டை முனைதானே" என்று எய்பவர்களுக்கு 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் காத்திருக்கிறது.

ஆகவே இந்த வழிகாட்டி வைக்கோல் கட்டு, ஃபோம் இலக்கு, உளுத்த பனங்கட்டை ஆகியவற்றை எய்பவர்களுக்கானது. மரபுவழி ரீகர்வ் வில்லின் சுகம் முழுவதும் இவற்றிலேயே கிடைக்கும். பார்வைக் கருவி இல்லை, சக்கரம் இல்லை. மூன்று விரல், ஒரு நாண், ஓர் அம்பு.

முதல் படி: எதை எய்யப் போகிறீர்கள்?

கடைக்குப் போகும் முன் இடத்தைப் பாருங்கள். நம் பக்கம் மூன்று விதமான இடங்கள் அமைகின்றன, எந்த முனை என்பதை இடமே முடிவு செய்யும்.

பாகூர், நெட்டப்பாக்கம் பக்கம் அறுவடை முடிந்ததும் இயந்திரத்தால் உருட்டிக் கட்டிய வைக்கோல் கட்டுகள் கிடைக்கும். இறுக்கமான கட்டாகப் பார்த்து இரண்டை அடுக்கி வைத்தால் 30 பவுண்டு வில்லுக்கு நல்ல இலக்கு. துப்பாக்கிக் குண்டு போல உருண்டு ஒடுங்கும் புல்லட் முனை இதற்குப் போதும். அம்பைப் பிடுங்குவது சுலபம்.

இரண்டாவது வகை ஃபோம் இலக்கு. சதுரப் பலகையாகவும் வரும், மான் கரடி உருவத்திலும் வரும். இதற்கும் புல்லட் முனைதான். அம்பு உரசும் சூட்டில் ஃபோம் உருகி அம்பைப் பிடித்துக்கொள்ளும் என்பதால், முனைக்கும் தண்டின் முதல் நான்கு விரற்கடைக்கும் கொஞ்சம் சோப்பைத் தேய்த்துவிடுங்கள்.

மூன்றாவதுதான் வம்பு பிடித்தது: முந்திரித் தோப்பும் செம்மண் மேடும். கோரிமேட்டிலிருந்து ஆரோவில் வரையிலும், கடலூரில் கேப்பர் மலையிலும், பண்ருட்டி போகும் வழியிலும் இதே நிலம்தான். கடலூர் மணற்கல் என்று நிலவியலாளர்கள் பெயரிட்ட பாறையின் மேல் படிந்த சிவந்த மண். பார்க்க மெத்தென்று இருக்கும். உள்ளே இரும்புச் சத்து ஏறிய கூழாங்கற்கள் கிடக்கும். இலக்கைத் தவறவிட்ட அம்பு அதில் ஒன்றைத் தொட்டால் முனை வளையும், கார்பன் தண்டாக இருந்தால் அதன் வாய் பிளக்கும். தவறிய அம்பு கல்லில் படாவிட்டால் இன்னொரு தொல்லை. முந்திரிச் சருகுக்கு அடியில் பாம்பு போல் நுழைந்து, பத்தடி தள்ளிப் போய்ப் படுத்துக்கொள்ளும். அரைமணி நேரம் குனிந்து தேட வேண்டும்.

தோப்பில் எய்பவர்களுக்கு ஜூடோ முனை என்றொன்று உண்டு. மொட்டைத் தலையைச் சுற்றி நான்கு கம்பிக் கைகள் நீண்டிருக்கும். தரையைத் தொட்டவுடன் அவை சருகையும் புல்லையும் கவ்வி அம்பை நிறுத்தும், சில சமயம் வாலைத் தூக்கி நிற்க வைக்கும். விலை சற்று அதிகம். நான்கு அம்புகளுக்குப் போட்டால் போதும். மொட்டை ரப்பர் முனையும் தோப்புக்கு நல்லது, ஆனால் வைக்கோல் கட்டில் பட்டால் திரும்பித் துள்ளி வரும்.

தென்னங்கட்டையை எய்ய வேண்டாம் என்பது என் கருத்து. நார் முனையை இறுகப் பிடித்துக்கொள்ளும். திருகிப் பிடுங்கினால் மரை கழன்று முனை கட்டையிலேயே தங்கிவிடும், தண்டு மட்டும் கையில் வரும். உளுத்த பனங்கட்டை பரவாயில்லை, அதுவும் நன்றாக உளுத்திருக்க வேண்டும்.

இரண்டாம் படி: தண்டையும் முனையையும் பொருத்துவது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கார்பன், அலுமினியத் தண்டுகளின் வாயில் இன்செர்ட் என்ற சிறு உலோகக் குழல் ஒட்டப்பட்டிருக்கும். அதனுள் மரை. முனையின் வால் அதில் திருகி ஏறும். இந்த மரையின் அளவு பெரும்பாலும் எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றே என்பதால் ஒருவரின் முனை இன்னொருவரின் அம்பில் ஏறும். மரத் தண்டுக்கும் மூங்கில் தண்டுக்கும் இன்செர்ட் கிடையாது. பென்சில் போல 5 டிகிரி சரிவில் சீவி, உட்குழிவான முனையைச் சூடான பசை வைத்து ஒட்டுவார்கள்.

விட்டத்தை மட்டும் வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்துகொள்ளுங்கள். மரத் தண்டுகளில் அங்குலத்தில் 5/16 (7.9 மி.மீ.), 11/32 (8.7 மி.மீ.) என்ற இரண்டும் அதிகம் புழங்குகின்றன. முனை தண்டைவிடத் தடித்தால் வைக்கோலிலிருந்து பிடுங்கும்போது கொக்கி போல் மாட்டும். மெலிந்தால் தண்டின் விளிம்பே அடியை வாங்கும். விரல் நகத்தை முனையிலிருந்து தண்டு நோக்கி ஓட்டிப் பாருங்கள், இடறக் கூடாது.

மூன்றாம் படி: எடை

இங்கேதான் நிதானம் வேண்டும்.

அம்புமுனைகளின் எடையைக் கிரெயின் என்ற அளவில் சொல்கிறார்கள். ஒரு கிரெயின் 0.0648 கிராம். இதைக் கேட்டதும் புதியவர்கள் மிரள்கிறார்கள். மிரளத் தேவையில்லை, நமக்குத் தெரிந்த ஓர் எடைக்கு இது மிக அருகில் இருக்கிறது. 125 கிரெயின் முனை 8.1 கிராம், அதாவது ஏறக்குறைய ஒரு பவுன். 100 கிரெயின் 6.5 கிராம், முக்கால் பவுனுக்குக் கொஞ்சம் மேல். 200 கிரெயின் என்பது ஒன்றரைப் பவுனைத் தாண்டி 13 கிராம். ஒரு பவுன் காசை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தவர்களுக்கு, அம்பின் நுனியில் எவ்வளவு பாரம் தொங்குகிறது என்பது உடனே விளங்கும்.

பொட்டலத்தின் மேல் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்பாதீர்கள். மலிவான முனைகளில் "125" என்று போட்ட பொட்டலத்திலேயே ஒன்று 7.8 கிராம் காட்டும், இன்னொன்று 8.3 காட்டும். வித்தியாசம் ஏழெட்டு கிரெயின். கிராமில் இரண்டு தசமம் காட்டும் தராசில் ஒவ்வொன்றாக வைத்து, எடையைச் சின்ன ஒட்டுத்தாளில் எழுதி முனையோடு ஒட்டிவையுங்கள். பிறகு 0.1 கிராமுக்குள் அடங்குபவற்றைக் கூட்டம் பிரித்து, ஒரே கூட்டத்தைச் சேர்ந்த ஆறை ஒரு தூணிக்குப் போடுங்கள். மிஞ்சியவை முந்திரித் தோப்புக்கு, தொலைந்தாலும் மனம் வலிக்காது. பத்து மீட்டரில் இந்த வித்தியாசம் தெரியாது. முப்பது மீட்டரில் அம்புகள் மேலும் கீழுமாகச் சிதறத் தொடங்கும்போது குறையைத் தன் விரலில் தேடுவார்கள், குறை பொட்டலத்தில் இருக்கும்.

எவ்வளவு எடை வேண்டும் என்பதை முடிவு செய்ய மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும்: வில்லின் உண்மையான இழுவிசை, தண்டின் விறைப்பு, அம்பின் முன்பாரம்.

இழுவிசையில் ஒரு மயக்கம் இருக்கிறது. வில்லின் கீழ்க்கையில் (பிடிக்குக் கீழே வளையும் பாதியில்) எழுதியிருக்கும் "30 பவுண்டு" என்பது 28 அங்குலம் இழுத்தால் வருவது. நம்மில் பலர் அவ்வளவு இழுப்பதில்லை. இரு கைகளையும் பக்கவாட்டில் விரித்து, நடுவிரல் நுனியிலிருந்து நடுவிரல் நுனி வரை அளந்து, 2.5 ஆல் வகுங்கள். 165 செ.மீ. என்றால் 66 செ.மீ., அதாவது 26 அங்குலம். ஓர் அங்குலம் குறைந்தால் ஏறத்தாழ 2 பவுண்டு குறையும். ஆகவே அந்த வில் உங்கள் கையில் 26 பவுண்டுதான்.

அடுத்து அம்பின் மொத்த எடை. ரீகர்வ் வில்லுக்கு, இழுவிசையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 8 முதல் 10 கிரெயின் வரை என்பது பழகிய கணக்கு. 40 பவுண்டு இழுப்பவருக்கு மொத்த அம்பு 320க்குக் குறையக் கூடாது, 400 இருந்தால் வில் சத்தமில்லாமல் வேலை செய்யும். மிக லேசான அம்பை எய்தால் வில்லின் வலு அம்புக்குள் போகாமல் வில்லின் கைகளுக்கே திரும்பும். "டப்" என்று அதிர்வது அதனால்தான். அம்பில்லாமல் நாணை விடுவது எவ்வளவு கெடுதலோ, அதன் சின்னத் தம்பி இது.

விறைப்பை ஸ்பைன் என்கிறார்கள். கார்பன் தண்டின் மேல் 500, 600, 700 என்று எண் இருக்கும். 28 அங்குல இடைவெளியில் இரு தாங்கிகள் மேல் தண்டைக் கிடத்தி, நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால் அது எத்தனை அங்குலம் தொய்கிறது என்பதே அந்த எண். 500 என்றால் அரை அங்குலம். எண் கூடினால் தண்டு இளக்கம். 40 பவுண்டு வில்லுக்கு 500, 600 எண்களும், 30 பவுண்டு வில்லுக்கு 700, 800 எண்களும் தொடங்குவதற்கு ஏற்றவை.

விரலால் நாணை விடும்போது அம்பு நேர்க்கோட்டில் கிளம்புவதில்லை. மீன் நெளிவது போல நெளிந்து, வில்லின் கைப்பிடியைச் சுற்றி வளைந்து, பிறகுதான் நிமிர்கிறது. அந்த நெளிவு எவ்வளவு என்பதை முனையின் எடையும் முடிவு செய்கிறது. முனை கனத்தால் தண்டு அதிகம் நெளியும், இளகிய தண்டு போல நடந்துகொள்ளும். முனை லேசானால் விறைத்த தண்டு போல நடந்துகொள்ளும். தண்டை வெட்டினால் திரும்ப ஒட்ட முடியாது, முனையை மாற்றுவது இரண்டு நிமிட வேலை. எனவே முதலில் மாற்றிப் பார்க்க வேண்டியது முனையைத்தான்.

இதைச் சோதிக்கும் முறை எளிது. ஒரே மாதிரியான மூன்று அம்புகளில் ஒன்றின் இறகுகளைச் சுரண்டி எடுத்துவிடுங்கள். பதினைந்து மீட்டரில் நின்று, இறகுள்ள இரண்டையும் மொட்டை அம்பையும் ஒரே புள்ளியைப் பார்த்து எய்யுங்கள். வலது கையால் இழுப்பவருக்கு, மொட்டை அம்பு மற்றவற்றுக்கு இடப்புறம் தைத்தால் தண்டு விறைப்பு அதிகம் என்று பொருள், முனையின் எடையைக் கூட்டுங்கள். வலப்புறம் தைத்தால் இளக்கம், எடையைக் குறையுங்கள். இடக்கையாளருக்கு இது அப்படியே தலைகீழ். 100, 125, 150 என்று மூன்று எடைகளில் இரண்டிரண்டு முனைகள் கையில் இருந்தால் ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும். காலை என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நண்பகலுக்கு மேல் கடற்காற்று ஏறிவிடும், மொட்டை அம்பு காற்றுக்கு ஆடுவதைத் தண்டின் குறையாக எடுத்துக்கொள்வீர்கள். ஒரே ஒரு அம்பை வைத்தும் முடிவுக்கு வர வேண்டாம், ஒரே பக்கம் திரும்பத் திரும்பத் தைத்தால்தான் கணக்கு.

கடைசியாக முன்பாரம். எஃப்.ஓ.சி. என்று காணொளிகளில் பெரிய மர்மம் போலச் சொல்வது இதைத்தான். அம்பைக் கத்தி முதுகின் மேல் கிடத்தி, சமமாக நிற்கும் புள்ளியைக் குறியுங்கள். நாணில் மாட்டும் பிளவிலிருந்து அந்தப் புள்ளிக்கு எவ்வளவு தூரம் என்று அளந்து பாருங்கள். அதிலிருந்து தண்டின் பாதி நீளத்தைக் கழித்து, மிச்சத்தை முழு நீளத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள். 74 செ.மீ. அம்பு 47 செ.மீ. புள்ளியில் சமன் நின்றால், 47இல் 37 போக 10. 10ஐ 74ஆல் வகுத்தால் 13.5 சதவீதம். இலக்கு எய்பவருக்கு 10 முதல் 15 வரை இருந்தால் போதும். அதே அம்பில் 100 கிரெயினைக் கழற்றி 175 போட்டால் 20 சதவீதத்தை ஒட்டிப் போகும். முன்பாரம் கூடினால் அம்பு சீக்கிரம் நிமிர்ந்துவிடும், ஆனால் தூரம் போகப் போக மூக்கைக் கீழே சாய்க்கும். பார்வைக் கருவி இல்லாமல் எய்பவருக்கு இருபது மீட்டருக்குள் இது ஒரு பொருட்டில்லை.

என்னைக் கேட்டால், 25 முதல் 35 பவுண்டு வரை இழுப்பவர்கள் 100 அல்லது 125இல் தொடங்கி, மொட்டை அம்பு சொல்வதைக் கேட்டு நகரலாம். முன்பாரத்தை ஒருமுறை அளந்து எழுதிவைத்தால் போதும். அதைத் துரத்திக்கொண்டு ஓடுகிறவர்கள் எய்வதைவிட அளப்பதில்தான் பொழுதைக் கழிக்கிறார்கள்.

நான்காம் படி: வடிவம்

புல்லட் முனை, ஃபீல்ட் முனை, ஜூடோ முனை, மொட்டை முனை. இந்த நான்குக்கு மேல் இங்கே தேவையில்லை. ஃபீல்ட் முனை என்பது ஊசி போலக் குறுகி, தோள் போன்ற ஒரு படியோடு தண்டில் வந்து சேரும். மரத்தில் ஆழம் போகாமல் அந்தத் தோள் தடுக்கும். வைக்கோலுக்குப் புல்லட், ஃபீல்ட் இரண்டில் எதுவானாலும் சரி.

ஒலிம்பிக் பாணியில் 70 மீட்டரில் எய்பவர்களின் முனைகள் வேறு: மெல்லிய கார்பன் தண்டுக்குள் நீண்ட காம்போடு இறங்குபவை, காம்பை ஒடித்து எடையைக் குறைக்கலாம். பள்ளிகளில் மூங்கில் வில் கொண்டு 30, 50 மீட்டரில் எய்யும் இந்தியன் ரவுண்டுக்கு லேசான புல்லட் முனையே வழக்கம். போட்டிக்குப் போகும் எண்ணம் இருந்தால் பயிற்சியாளரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். விலங்கு உருவங்களை எய்யும் 3டி போட்டிகளிலும் இலக்கைக் கிழிக்கும் முனைக்கு அனுமதி இல்லை. பிராட்ஹெட் போட்ட அம்பு ஒன்று போதும், விலை உயர்ந்த ஃபோம் மான் ஒரே நாளில் நார்நாராகிவிடும்.

வேட்டை முனைகள்: எங்கே, ஏன்

புதுச்சேரியில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பங்கள் ஏராளம். மாமா வீடு பாரிஸ் பக்கம், விடுமுறைக்குப் போனால் அங்கே காட்டுப்பன்றி வேட்டைக்குக் கூப்பிடுகிறார்கள் என்று சொல்லும் பிள்ளைகளுக்காக இந்தப் பகுதி. பிரான்சில் 1995 முதல் வில்வேட்டைக்கு அனுமதி உண்டு. வேட்டை உரிமம் எடுத்திருக்க வேண்டும், அதற்கு மேல் வில்வேட்டைக்கென்று ஒரு நாள் கட்டாயப் பயிற்சியும் முடித்திருக்க வேண்டும். ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி இங்கிலாந்து போனால் வில்லால் வேட்டையாடுவது குற்றம். ஜெர்மனியிலும் மான், பன்றி போன்றவற்றை அம்பால் எய்யக் கூடாது. அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலம் 1934இல் வில்லுக்கென்று தனிப் பருவம் ஒதுக்கியது, இன்று எல்லா மாநிலங்களிலும் உண்டு. குறைந்தபட்ச இழுவிசை, அலகின் அகலம் ஆகிய விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

துப்பாக்கிக் குண்டு அதிர்ச்சியால் கொல்கிறது. அம்பு இரத்தக் குழாய்களை அறுத்துக் கொல்கிறது. வேட்டை முனையின் எல்லா விதிகளும் இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து பிறக்கின்றன. கூர் போதாத அலகு குழாயை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போகும், விலங்கு ஓடி மறைந்து நாட்கணக்கில் வதைபடும். சாதாரண ஃபீல்ட் முனையால் விலங்கை எய்வதை வேட்டை நாடுகளிலும் தடுப்பது இதனால்தான்.

45 பவுண்டு ரீகர்வ், 450 கிரெயின் அம்பை விநாடிக்கு 170 அடி வேகத்தில் அனுப்பினால் அதன் ஆற்றல் ஏறத்தாழ 39 ஜூல். சக்கரம் வைத்த காம்பவுண்ட் வில் இதைப் போல் இருமடங்குக்கு மேல் தரும். விரியும் அலகுகள் காம்பவுண்டுக்கு ஏற்றவை, அவை திறப்பதற்கே ஆற்றல் செலவாகும். ரீகர்வ்காரர்களுக்குப் பழைய இரண்டு அலகு நிலைமுனைதான் சரி: நுனியே வெட்டத் தொடங்க வேண்டும், நீளம் அகலத்தைப் போல் மூன்று மடங்கு இருந்தால் உத்தமம். மூன்று மடங்கு என்ற இந்தக் கணக்கைப் பரப்பியவர் அமெரிக்க வில்வேட்டைக்காரர் ஹோவர்ட் ஹில். அமெரிக்க வில் தயாரிப்பாளர் ஃபிரெட் பேர் 1956இல் கொண்டுவந்த ரேசர்ஹெட் என்ற முனை, இரண்டு அலகின் குறுக்கே மெல்லிய பிளேடு ஒன்றைச் செருகி நான்காக்கியது. தென்னாப்பிரிக்காவில் நீண்ட காலம் சோதனை செய்த எட் ஆஷ்பி, கனத்த அம்பு, அதிக முன்பாரம், ஒரு பக்கம் மட்டும் சாய்த்துத் தீட்டிய அலகு ஆகியவற்றை வலியுறுத்தினார். அப்படித் தீட்டிய அலகு ஊடுருவும்போது சுழன்று எலும்பைப் பிளக்கும். அது சுழலும் திசையும் இறகு அம்பைச் சுழற்றும் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும்: வலச் சாய்வுக்குப் பறவையின் வலச் சிறகிலிருந்து எடுத்த இறகு.

மரபுவழி வேட்டைக்காரர்கள் இருபது மீட்டருக்குள் நெருங்கினால்தான் எய்வார்கள். அதற்கு மேல் தூரத்தில் விலங்கு நாண் சத்தத்தைக் கேட்டு நகர்ந்துவிடும்.

இந்த முனைகளை வீட்டில் வைத்துக்கொள்ளவே ஆசைப்படுபவர்களுக்கு: மூடியில்லாத தூணியில் போடாதீர்கள், வெறும் கையால் திருகாதீர்கள், குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். சவரக் கத்தியைவிட இதனால் விரல் போனவர்கள் அதிகம் என்று சொன்னாலும் நம்புவேன்.

ஐந்தாம் படி: ஒட்டுவதும் காப்பதும்

வழிகாட்டிகள் குளிர்நாட்டில் எழுதப்படுவதால் நம் ஊர் வெயிலையும் உப்புக் காற்றையும் கணக்கில் எடுப்பதில்லை.

முனைகளை ஒட்டும் சூட்டுப்பசைக் குச்சிகளில் பல வகை உண்டு. கைவினைக் கடைகளில் விற்கும் ஒளி ஊடுருவும் குச்சி, அக்னி நட்சத்திர நாட்களில் வெயிலில் நிறுத்திய காருக்குள் இளகிவிடும். அம்பை வைக்கோலிலிருந்து இழுத்தால் முனை உள்ளேயே தங்கும். அம்புக்கென்றே விற்கும் பசையை வாங்குங்கள், அம்புகளைக் காரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். கார்பன் தண்டை நேராக நெருப்பில் காட்டக் கூடாது, இழைகள் பிரிந்துவிடும். இன்செர்ட்டில் பழைய முனை ஒன்றைத் திருகி, அந்த முனையை மட்டும் மெழுகுவத்திச் சுடரில் சூடாக்கி, இன்செர்ட்டில் பசை தடவி, தண்டுக்குள் சுழற்றியபடியே இறக்குங்கள். சூடு கையைத் தொடாமலிருக்கக் குறடு வேண்டும். உடனே ஈரத்துணியால் பிடியுங்கள்.

பிறகு நேராக நிற்கிறதா என்று பாருங்கள். முனையை உள்ளங்கையில் ஊன்றி, தண்டை விரல்களால் பம்பரம் போல் சுற்றுங்கள். நேரான அம்பு உள்ளங்கையில் இருப்பதே தெரியாமல் சுழலும். கோணலாக இருந்தால் கூசுவது போல் நடுங்கும். நடுங்கினால் மறுபடி சூடாக்கி, கால் சுற்று திருப்பி ஒட்டுங்கள்.

திருகு முனைகள் பத்து இருபது எய்தலில் தளரும். குழாய் வேலைக்காரர்கள் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை மரையில் ஒரே ஒரு சுற்று சுற்றிவிட்டால் நிற்கும். நாணுக்குத் தடவும் தேன்மெழுகும் உதவும். இருந்தாலும் ஒவ்வொரு முறை அம்பை எடுத்து வரும்போதும் முனையைத் திருகிப் பார்க்கும் பழக்கம் வேண்டும். கூடவே கார்பன் தண்டை இரு கையாலும் லேசாக வளைத்துக் காதருகே வைத்துக் கேளுங்கள். "நெறுக்" என்றால் அந்த அம்பை ஒடித்துக் குப்பையில் போடுங்கள். விரிசல் விட்ட கார்பன் நாணில் இருக்கும்போது உடைந்தால் இடது கையைத் துளைத்துக்கொண்டு போகும்.

கடற்கரையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் வீடு இருப்பவர்களின் எஃகு முனை ஒரே மழைக்காலத்தில் துரு ஏறிவிடும். தேவனாம்பட்டினத்திலோ வைத்திக்குப்பத்திலோ இருப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை, ஜன்னல் கம்பியே சாட்சி. எய்து முடித்ததும் மண்ணைத் துடைத்து, தையல் மிஷின் எண்ணெயை ஒரு சொட்டுத் தேயுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், நாளாக ஆகப் பிசுக்காகி மண்ணைக் கவ்வும். நிக்கல் பூசிய முனைகள் தாக்குப்பிடிக்கும், ஆனால் கூழாங்கல்லில் பட்ட இடத்தில் பூச்சு உரிந்து அங்கிருந்து துரு தொடங்கும். அரத்தால் அந்த இடத்தை நேர் செய்தால் எடையும் குறையும் என்பதை மறக்காதீர்கள், மீண்டும் தராசில் வைத்து ஒட்டுத்தாளில் புதிய எண்ணை எழுதுங்கள்.

அம்புகளைப் பஸ்ஸில் கொண்டு போவதென்றால் பி.வி.சி. குழாய் ஒன்றை அம்பைவிட நான்கு விரற்கடை நீளமாக வெட்டி, இரு பக்கமும் மூடி போட்டு, அடியில் பழைய துணியைத் திணித்து, முனை கீழாக இறக்குங்கள். கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே மாநில எல்லையில் சோதனை நடப்பது வழக்கம். பையில் என்ன என்று கேட்டால் மூடியைத் திறந்து காட்டுங்கள். புல்லட் முனை என்ற பெயரை மட்டும் அந்த நேரத்தில் சொல்லாதீர்கள்.